நால்காவின் வேர் இருக்கும் இடம்

லெமுய் தீவு
செப்டம்பர் 9, 1968

அண்ணா,

அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து ஆறு வருடமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நலமா என்று கேட்டால் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஓடை வீட்டுக்கு வந்துவிட்டது. போன மழைக்காலத்தில் கரை கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தது. இந்த மழைக்காலத்தில் ஒரே இரவில் கோழிக்கூடு போயிற்று. இப்போது சமையலறையின் ஒரு மூலை மண்ணில் இல்லை, காற்றில் நிற்கிறது. அடுப்புக்கு முன்னால் நின்றால் காலுக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. என் பெண்கள் இரண்டு பேரையும் முன்னறையில் படுக்க வைக்கிறேன். பக்கத்து வீட்டு எத்தெல்வீனா வேலிமேல் சாய்ந்துகொண்டு கேட்கிறாள்: "ஏண்டி ஒத்தீலியா, ஒன் அடுப்படி ஓடைக்குக் குளிக்கக் கெளம்பிருச்சு போல. சோப்பு குடுத்து விட்டியா?" அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்து அழுதேன்.

அடுத்த மழைக்காலத்தை இந்த வீடு இங்கே பார்க்காது. வீட்டைப் பிரிக்கத் தேவையில்லை. சட்டம் நல்ல மரம், அப்பா போட்டது. அடியில் இரண்டு பெரிய தடிகளைக் கொடுத்து, மாடு பூட்டி, அப்படியே இழுத்து ஓடைக்கு அக்கரையில் மேட்டில் வைத்துவிடலாம். ஆர்த்திதோரோ தன் மாடுகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊரும் மிங்காவுக்கு வரும், கூலி கேட்காது, விருந்து போட்டால் போதும். ஆனால் அந்த மேட்டு நிலம் உங்களுடையது. அப்பா வீட்டை எனக்கும் மேட்டை உங்களுக்கும் கொடுத்தார். நீங்கள் சரி என்று எழுதினால்தான் நாங்கள் எதையும் தொட முடியும்.

மேட்டில் நால்கா துளிர்விட்டிருக்கிறது. குடையளவு இலையாக விரியப்போகிற சிவந்த முனைகள், இப்போது குழந்தையின் முஷ்டி மாதிரி. அங்கே யாரும் கை வைத்ததில்லை.

ஒத்தீலியா


பூந்தா அரேனாஸ்
அக்டோபர் 2, 1968

ஒத்தீலியா,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு வியப்பு எதுவும் இல்லை. ஓடை எங்கே வரும் என்று ஆறு வருடங்களுக்கு முன்பே நான் சொல்லியிருந்தேன்.

உனக்கு நினைவில்லை என்றால் சொல்கிறேன். நம் வீட்டுப் பக்கக் கரை முழுவதும் நால்கா இருந்தது. ஒவ்வொரு வேரும் ஒரு ஆளின் தொடைக் கனம். கிடையாக ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வேர்கள்தான், மண் அல்ல. அப்பாவுக்கு அது தெரியும். அதனால் தண்டு வெட்டினார், இலை வெட்டினார், வேரை ஒருநாளும் தொடவில்லை. அவர் கண் மூடிய மாதத்திலேயே உன் கணவன் தெல்ஃபின் மண்வெட்டியோடு இறங்கினான். முட்டைக்கோஸ் போடப் போகிறானாம். அடக்கத்துக்குப் பிறகு ஊர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, இது தவறு என்று நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அதற்கு அவன் என்ன சொன்னான்?

"மச்சானுக்கு நால்கான்னா மழைக்குப் பிடிக்கிற குடைதான். வேரு எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க, புத்தகத்தத் தொறந்து பாத்துச் சொல்லுவாரு."

ஊர் சிரித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன ஒருவனைப் பார்த்துச் சிரிக்க அந்த ஊருக்கு எப்போதும் ஒரு காரணம் போதும். அதில் எனக்குப் புகார் இல்லை. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நீ.

மேட்டு நிலத்தைத் தர முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டியது நீ அல்ல. நம் ஊரில் மிங்காவுக்கு எப்படி ஆள் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். கடிதம் போட மாட்டார்கள், மனைவியை அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்காரன் தானே வந்து வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, மன்றாட வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கப்பட்டவன் மறுக்கக் கூடாது. நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான். தெல்ஃபின் வந்து கேட்கட்டும்.

இந்தத் தெற்குக் கோடியிலும் நால்காவின் இனத்தில் ஒன்று வளர்கிறது. சதுப்பில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இலை என் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. இந்தக் காற்றில் அதற்கு மேல் வளர எதற்கும் துணிச்சல் வருவதில்லை.

பௌதீலியோ


லெமுய் தீவு
அக்டோபர் 30, 1968

அண்ணா,

சிரித்தேன். மறுக்கவில்லை. அப்பாவுக்காக மூன்று நாள் அழுதிருந்தேன், ஆப்பிள் மதுவும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. முதலில் வந்த சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். அது உங்களைப் பார்த்துச் சிரித்ததா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. நீங்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்ததுதான் நினைவில் இருக்கிறது. உங்கள் பங்கு இறைச்சியை நாய் தின்றது.

உங்கள் கடிதத்தைத் தெல்ஃபினுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும், வேர் பற்றி எழுதியதையும் சேர்த்து. அவர் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொப்பிய வேற கழட்டணுமாக்கும்?" என்றார்.

"ஆமா."

"மண்டியும் போடணுமா? அதையும் எழுதிக் கேளு, ஒரே தடவையா முடிச்சிருவோம்."

"அடுப்படில போய் நின்னு கீழ பாருங்க. அப்பறம் பேசுங்க" என்றேன்.

போனார். வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து கத்தியை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மத்தேத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஆட்டு மயிர் கத்தரிக்க இந்த வருசமும் அந்தப் பக்கந்தான போறேன். கப்பல் பூந்தா அரேனாஸ்லதான் நிக்கும். எறங்கி அந்த வாத்தியார் வீட்டு வாசல்ல நிக்கிறேன். கேட்டுட்டு வந்துர்றேன். ஆனா உள்ள வந்து உக்காருன்னு சொன்னா உக்கார மாட்டேன். அத மட்டும் எழுதிரு."

எழுதிவிட்டேன்.

அவரிடம் ஒரு கட்டு நால்காத் தண்டு கொடுத்து விடுகிறேன். உங்கள் மேட்டில் வெட்டியது. முள்ளைக் கழுவி, அதன் இலையிலேயே சுற்றி, ஈரத்துணி கட்டியிருக்கிறேன். கப்பலில் வாடாது. உரித்து, உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள். சின்ன வயதில் நீங்கள் ஒரே மூச்சில் நிறையத் தின்றுவிட்டு, நாக்கு மரத்துப்போய், பேச்சு வராமல் அலைந்தீர்கள். வீட்டில் அன்றைக்குத்தான் நிம்மதி.

ஒத்தீலியா


பூந்தா அரேனாஸ்
டிசம்பர் 1, 1968

ஒத்தீலியா,

தெல்ஃபின் வரவில்லை. வந்திருந்தால் நான் அப்போது வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். தேர்வுக் காலம், பள்ளியில் வேலை அதிகம்.

வாசலில் ஒரு கட்டு இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. இந்தத் தெருவில் நம் தீவுக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், தவறி வைத்திருக்கலாம். உரியவர் வந்து கேட்பார் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். அழுகிவிடும் என்பதால் பிறகு உரித்தேன். புளிப்பு சரியாக இருந்தது.

கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. ஆகவே நான் பதில் சொல்லவும் எதுவும் இல்லை.

பௌதீலியோ


லெமுய் தீவு
ஜனவரி 7, 1969

அண்ணா,

பண்ணையிலிருந்து தெல்ஃபின் ஆள் வைத்து எழுதி அனுப்பியிருக்கிறார். உங்கள் தெருவில் எதிர்வீட்டில் இருக்கும் மெர்சேதித்தாவும் தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறாள். அவளை உங்களுக்குத் தெரியும், நம் படகுத்துறைக்காரர் மகள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் நீங்கள் எழுதியது மூன்றாவது கதை ஆகிறது.

அவர் வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. உங்கள் புகைபோக்கியில் புகை இருந்தது. கதவைத் தட்டினார். சன்னல் திரை அசைந்தது, பிறகு அசையவில்லை. மறுபடி தட்டினார். மெர்சேதித்தா தன் வாசலிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்: "இருக்காரு, இருக்காரு! இப்பத்தான் வெறகு எடுத்துட்டு உள்ள போனாரு. பலமாத் தட்டுங்க!"

அவர் மூன்றாம் முறை தட்டவில்லை. தொப்பியைக் கழற்றினார். மழையில் நின்று கதவைப் பார்த்து, முழுவதையும் சொன்னார், நம் ஊரில் சொல்கிற மாதிரியே: "பௌதீலியோ மச்சான், ஒங்ககிட்ட மன்றாட வந்திருக்கேன். மார்ச் கடைசில என் வீட்ட இழுக்கணும். ஒங்க மேட்டுல வைக்க எடம் வேணும். நீங்களும் வந்து தோள் குடுக்கணும்." கட்டைப் படியில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மெர்சேதித்தா எழுதுகிறாள்: "தெருவுல மூணு வீட்டுக்குக் கேட்டுச்சு. வாத்தியாருக்கு மட்டும் கேக்கல போல, பாவம்."

அவர் ஒருநாளும் வர மாட்டார் என்று நினைத்துத்தான் அந்த நிபந்தனையைப் போட்டீர்கள். வந்துவிட்டார். கதவைத் திறந்தால் மறுக்க முடியாது. அதனால் திறக்கவில்லை. உங்களை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் சீட்டாட்டத்தில் தோற்கப்போகிறீர்கள் என்றால் தூங்கிவிட்ட மாதிரி படுத்துக்கொள்வீர்கள்.

நான் எத்தெல்வீனாவிடமும் ஆர்த்திதோரோவிடமும் கேட்டேன், கதவு மூடியிருந்தால் கேட்டது செல்லுமா என்று. ஆர்த்திதோரோ பைப்பைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "தொப்பி நனைஞ்சுதா? நனைஞ்சுதுன்னா கேட்டதுதான்."

மார்ச் மாதம் கடைசி சனிக்கிழமை இழுக்கிறோம். வேண்டாம் என்றால் எழுதுங்கள். எழுதினால் அந்த மேட்டில் ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டேன், பெண்களைக் கூட்டிக்கொண்டு எத்தெல்வீனா வீட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். எழுதவில்லை என்றால் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

ஒத்தீலியா


பூந்தா அரேனாஸ்
பிப்ரவரி 10, 1969

ஒத்தீலியா,

புகைபோக்கியில் புகை வருவது ஆள் இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. அடுப்பு தானாகவும் எரியும். திரை காற்றில் அசைந்திருக்கும். இந்த ஊரில் சாத்திய சன்னலுக்குள்ளும் காற்று வரும். மெர்சேதித்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டில் எதுவாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொதுவான ஒரு தகவலைச் சொல்கிறேன். அந்த மேட்டில் யாராவது எப்போதாவது ஒரு வீட்டை வைப்பதாக இருந்தால், மேற்குப் பக்கம் ஆகாது, அடியில் ஊற்று இருக்கிறது, தடிகள் இறங்கிவிடும். லூமா மரத்துக்குக் கிழக்கே தரை கெட்டி. ஓடையின் ஓரத்திலிருக்கும் நால்காவை எக்காரணம் கொண்டும் பிடுங்கக் கூடாது. விருந்துக்குழி மூட இலை வேண்டுமென்றால் வெளிப்பக்கத்து இலைகளை மட்டும் வெட்ட வேண்டும், நடுத்துளிரை விட்டுவிட வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்பா சொன்னது.

பௌதீலியோ


லெமுய் தீவு
ஏப்ரல் 8, 1969

அண்ணா,

வீடு அக்கரையில் இருக்கிறது. இதை மேட்டிலிருந்து எழுதுகிறேன், லூமா மரத்துக்குக் கிழக்கே.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். ஆர்த்திதோரோ நிறைய ஜோடி மாடுகளைப் பூட்டினார், பக்கத்துத் தீவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பெண்கள் நாங்கள் மேட்டில் விருந்துக்குழி தோண்டிக் கல்லைச் சுட வைத்தோம். உங்கள் நால்கா இலைகளை வெளிப்பக்கம் பார்த்துத்தான் வெட்டினேன். மட்டி, புகைபோட்ட பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு அடை எல்லாம் அடுக்கி, இலைமேல் இலையாக மூடி, மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டியும் போட்டாயிற்று. ஆவி ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

வீடு கரையிலிருந்து பெரிய முனகலோடு கிளம்பிற்று. ஓடையின் ஆழமில்லாத இடம் வரை நன்றாக வந்தது. நடுவில் நின்றுவிட்டது. தடி எதிலோ முட்டிக்கொண்டது. மழையில் தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆர்த்திதோரோ கத்துகிறார், மாடுகள் மண்டி போடுகின்றன, கயிறு முறுக்கிக்கொண்டு சத்தம் போடுகிறது. வீடு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. என் அடுப்பின் குழாய் கழன்று தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான், ஓடைக்கே கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எத்தெல்வீனா என் கையைக் கிள்ளினாள். "அங்க பாருடி" என்றாள். மேட்டின் மேல் கோடியில், நால்காப் புதரை ஒட்டி, யாரோ ஒரு ஆள். நகரத்துக் கோட்டு. தலைக்குமேல் ஒரு பெரிய நால்கா இலையைத் தண்டோடு குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை, இலை மறைத்தது.

தெல்ஃபினும் பார்த்துவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே எல்லோரையும் திரும்பிப் பார்த்துச் சொன்னார், உரக்க இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது: "மேல ஒரு கொட நிக்குது. எவனாவது சிரிச்சீங்க, அவனத் தடிக்கு அடில குடுத்து வீட்ட இழுப்பேன். ஒத்தீலியா, ஒனக்கும் சேத்துத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், ஆனால் அது சிரிப்புக்காக இல்லை.

அந்த ஆள் குடையைத் தலையிலிருந்து இறக்கினார். இலையை ஒரு பக்கமாக நீட்டி அசைத்தார். இடது பக்கம், இடது பக்கம். அவ்வளவு பெரிய இலை அந்த மழையிலும் நன்றாகத் தெரிந்தது. ஆர்த்திதோரோ கேள்வி கேட்கவில்லை. முன்ஜோடியை இடது பக்கம் திருப்பினார். தடி எதிலோ உரசியது, வழுக்கியது, வீடு குதித்துக் கிளம்பிற்று. சின்ன வயதில் நீங்களும் நானும் உட்கார்ந்து தண்டு உரித்துத் தின்போமே, தடியை மறித்தது அந்தப் பாறைதான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அந்த ஆள் இலையைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டு நனைய நனைய, வீடு கரையேறும் வரைக்கும் நின்றார். பிறகு காணவில்லை.

குழியைத் திறந்ததும் முதல் பங்கைத் தெல்ஃபின் தானே எடுத்தார். இலையில் வைத்து மேல்கோடிக்குக் கொண்டுபோய் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் வைத்தார். காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்: "சாப்பாடு ஆறிரும். நாய அவுத்து விடல." திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். மாலையில் நான் போனபோது இலை காலியாக இருந்தது. பக்கத்தில் நால்காத் தண்டின் தோல், நீளமாக, அறுபடாமல் உரித்தது.

மறுநாள் தெல்ஃபின் மண்வெட்டியோடு பழைய கரைக்குப் போனார். மேட்டிலிருந்து வேர்த்துண்டுகள் கொண்டுபோய் அங்கே நட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு ஒன்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "வேரு எந்தப் பக்கம் இருக்குன்னு இப்ப எனக்குத் தெரியும்னு மச்சான்கிட்ட சொல்லு."

ஒத்தீலியா


பூந்தா அரேனாஸ்
ஏப்ரல் 29, 1969

ஒத்தீலியா,

நீ எழுதிய ஆள் நான் அல்ல. மார்ச் கடைசி வாரம் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. பாறை இருக்கும் இடத்தை அந்தக் கரையில் வளர்ந்த யார் வேண்டுமானாலும் காட்டியிருக்க முடியும்.

மேட்டு நிலத்தை உன் பெயருக்கு மாற்றக் கையெழுத்திட்டு, காஸ்த்ரோவில் இருக்கும் பதிவாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இதை மன்றாட்டுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு நிலத்தைப் பார்த்துக்கொள்வது சிரமம், அதுதான் காரணம். ஓடை ஓரத்து நால்கா மட்டும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று பதிவாளர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

தெல்ஃபினிடம் சொல், வேர்த்துண்டைப் படுக்கையாக நட வேண்டும். முனை மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். முதல் இரண்டு வருடம் இலை சிறியதாகத்தான் வரும், அவசரப்பட வேண்டாம். கரை கெட்டிப்பட அதற்கு மேலும் ஆகும். அவன் மண்வெட்டி பிடிக்கிற விதம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆறு வருடத்தை ஒரு மண்வெட்டியால் மூடிவிட முடியாது. இதையும் சொல்.

சமையலறைச் சன்னலை ஓடைப் பக்கம் பார்க்க வைத்திருக்கிறீர்கள். வடக்கு மழை அதில்தான் அடிக்கும். ஒரு பலகைக் கதவு போடுங்கள். உருளைக்கிழங்கு அடையில் பன்றிக் கொழுப்பை மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம் அல்ல. அம்மா அப்படிச் செய்ததில்லை.

எனக்குச் சளி பிடித்திருக்கிறது. இந்த ஊர்க் காற்று காரணம்.

யாரும் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அது சரிதான்.

பௌதீலியோ